தம்பி போட்டுத் தந்த கார்ப்பெட்

என் தம்பி எனக்கு விற்ற கெப் வாகனத்தில் கடைசிவரை வேலை செய்தது ஹோர்ன் மட்டும்தான். அதுவும் ஒழுங்காக வேலை செய்தது என்று சொல்ல மாட்டேன். மழை பெய்தால் யாரும் கை வைக்காமலே கத்தத் தொடங்கிவிடும். ஆனால் கத்தவேண்டிய நேரத்தில் கத்தாமல் விட்டது கிடையாது. அந்த ஒரு நன்றியை நான் மறக்கவில்லை. மற்றதெல்லாம் முறை வைத்துப் பழுதாகியது.

நான் தயிர் போட்டு விற்கிறவள். வவுணதீவுப் பக்கம் எங்கள் வீட்டு வளவுக்குப் பின்னாலேயே எருமைப் பட்டி. எங்கள் பால் போதாமல் சுற்றுவட்டாரத்துப் பட்டிகளிலும் பால் எடுத்து, சட்டிகளில் உறையவைத்து, காலையில் வாவிப் பாலத்தைக் கடந்து மட்டக்களப்பு நகரத்துக் கடைகளுக்குக் கொண்டுபோகிறேன். முன்பெல்லாம் ஓட்டோதான். எங்கள் ரோட்டில் ஓட்டோவில் தயிர்ச்சட்டி ஏற்றிப் போனவர்களுக்குத்தான் அந்தக் கரைச்சல் தெரியும். கடைக்குப் போய்ச் சேரும்போது பாதித் தயிர் மோராகியிருக்கும். கடைக்காரர் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்காது. அதனால் ஒரு சின்ன லொறி வாங்குவது என்று முடிவு செய்தேன். நாலு சில்லு, பின்னால் ஒரு பெட்டி, அவ்வளவுதான் நான் கேட்டது.

அதைத் தம்பியிடம் போய்ச் சொன்னேன். எனக்குக் கீழே பிறந்தவன் அவன் ஒருவன்தான். ரோட்டு வேலை, கட்டட வேலை என்று கொந்தராத்து எடுத்துச் செய்கிறவன். கலியாணம் முடித்து, வாவிக்குக் கிழக்கே மனைவியின் வீட்டில் இருக்கிறான். கை நிறைய உழைத்த நாளில் ஒரு டபிள் கெப் வாங்கியிருந்தான். கறுப்பு நிறம். உள்ளே தோல் சீட், கூரையில் திறந்து மூடுகிற கண்ணாடி, பொத்தானை அமத்தினால் முன்னுக்கும் பின்னுக்கும் தானாகப் போகிற இருக்கை. அமைச்சர்மார் வந்து இறங்குவதற்கென்றே செய்த மாதிரியான வாகனம்.

"லொறி என்னத்துக்கு அக்கா? என்ட கெப்ப எடு. உள்ளுக்குக் கார், பின்னுக்கு லொறி. தயிரும் போகும், நீயும் ராசாத்தி மாதிரிப் போகலாம்" என்றான்.

எனக்கு ராசாத்தி ஆசை இருக்கவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். தயிர்க்காரி என்று பெயர் எடுத்தவளுக்குத் தோல் சீட்டில் இருந்து போகிற ஆசை வரக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? வெளிநாட்டு வாகனம் வராமல் நின்றுபோன காலத்தில் பழைய வாகனங்களுக்கு ஏறிய விலை இன்னும் முழுக்க இறங்கியிருக்கவில்லை. பட்டியில் பாதியை விற்றுத்தான் அந்தக் காசைக் கொடுத்தேன். எருமைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது நான் வீட்டுக்குள்ளே போய் நின்றுகொண்டேன்.

வாங்குமுன் வாகனத்தை யாரிடமும் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று பிறகு என்னைக் கேட்காத ஆள் இல்லை. கேட்டவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. வளவும், வட்டையில் இருக்கிற வயலும் அவளுக்கே சீதனமாகப் போகும். ஆண்பிள்ளை கலியாணம் முடித்து மனைவியின் வீட்டுக்குப் போகிறபோது அவனுடைய உடுப்புப் பெட்டி மட்டும் கூடப் போகும். அதை யாரும் குறையாக எடுப்பதில்லை. ஆனால் அப்படிப் போன சகோதரன் பிறகு அக்காவின் வாசல் படலைக்கு ஏதாவது கொண்டுவந்தால், அக்கா அதைத் திருப்பிப் புரட்டிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் அவன் முகம் விழுந்துவிடும். காசு கொடுத்து வாங்கினாலும் அப்படித்தான்.

என் கணவர் ஒரே ஒரு தடவை, "ஒருக்கா கராஜில காட்டுவமா?" என்று கேட்டார்.

"உங்கட தங்கச்சிக்கு நீங்க ஒண்டக் குடுத்தா, அவ அத கராஜில கொண்டுபோய்க் காட்டுவாவா?" என்று பாய்ந்தேன்.

அவரும் இந்த வீட்டுக்கு உடுப்புப் பெட்டியோடு வந்தவர்தான். அக்கா தம்பி விஷயத்தில் மூக்கை நுழைப்பது வந்த மாப்பிள்ளைக்கு அழகில்லை என்று அவருக்குத் தெரியும். எழும்பிப் பட்டிப் பக்கம் போய்விட்டார்.

வாகனத்தைக் கைமாற்றுவதற்குக் கொக்கட்டிச்சோலைக் கோயிலுக்குப் போனோம். தேங்காய் உடைத்து, சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, முன்கண்ணாடியில் சந்தனம் பூசினோம். ஐயர் தந்த பூவைத் தம்பி தன் கையால் ஸ்டியரிங்கில் கட்டிவிட்டான். பிறகு பின்கதவைத் திறந்து காட்டினான்.

"பார் அக்கா. சீட் கவர் புதுசு. கார்ப்பெட்டும் புதுசு, மூலை மூலையா வெட்டி ஒட்டினது. இது விலையில சேராது. தம்பிட அன்பளிப்பு."

சாம்பல் நிறத்தில் தடித்த கார்ப்பெட். ஓரங்களில் பசை போட்டு ஒட்டி, இடுக்கு இல்லாமல் அழகாகப் பதிந்திருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காசு வாங்கிக்கொண்டு விற்கிற வாகனத்துக்குப் புதுக் கார்ப்பெட் போட்டுத் தருகிற தம்பி யாருக்குக் கிடைப்பான்? கடைகளில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், பால் எடுக்கப் போன பட்டிகளில் எல்லாம் சொன்னேன். வாகனத்தைப் பற்றிப் பேசியதைவிட அந்தக் கார்ப்பெட்டைப் பற்றி நான் பேசியதுதான் கூட.

கொஞ்ச நாள் ராசாத்தியாகத்தான் திரிந்தேன். பிறகு ஒரு காலை, பாலத்தில் ஏறும்போது முன்னால் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. மஞ்சள், சிவப்பு, அம்பு, முட்டை, சாவி என்று எனக்கு விளங்காத படங்கள். கோயில் திருவிழாச் சோடனை மாதிரி இருந்தது. தம்பிக்கு அழைத்தேன்.

"பெரிய வாகனம் எண்டா அப்பிடித்தான் அக்கா. சென்சர் கூட. பயப்பிடாத."

பயப்படவில்லை. டவுனில் பெரிய கராஜுக்குக் கொண்டுபோனேன். வெள்ளைச் சட்டை போட்ட பொடியன்கள் கணினியைச் செருகிப் பார்த்தார்கள். செருகிப் பார்த்ததற்கே ஒரு பில். என்ன பழுது என்று கேட்டால், "நிறையக் கோட் காட்டுது அன்ரி" என்றார்கள். இரண்டு சென்சர் மாற்றினார்கள். அந்தச் செலவை நான் என் கணக்கில் போட்டேன். என் கணக்கு எருமைக் கணக்கு. அன்றைக்கு ஒரு கன்று போனது.

அதற்குப் பிறகு ஜன்னல் கண்ணாடி இறங்கினது ஏறவில்லை. அதுவும் மழை நாளில். ஒரு கையால் ஸ்டியரிங்கையும் மற்றக் கையால் பொலித்தீனையும் பிடித்துக்கொண்டு கடைகடையாகப் போனேன். பிறகு ஏசி. அதை விட்டுவிட்டேன், எருமைக்கு ஏசியா போட்டிருக்கிறோம்? பிறகு இருக்கை. ஒருநாள் நான் ஓடிக்கொண்டிருக்கும்போதே இருக்கை தன்பாட்டில் முன்னுக்குப் போகத் தொடங்கியது. பொத்தானை அமத்தினேன், நிற்கவில்லை. என் நெஞ்சு ஸ்டியரிங்கில் முட்டி, ஹோர்ன் விடாமல் கத்த, ரோட்டில் நின்ற மாடுகள் எல்லாம் கலைந்து ஓடின. எதிரே வந்த பஸ்காரர் நான் வேணுமென்று அடிக்கிறேன் என்று நினைத்து என்னைத் திட்டிக்கொண்டு போனார். அந்த இருக்கையை முன்னுக்குப் போன இடத்திலேயே விட்டு, வயரைக் கழற்றிவிட்டோம். அதன் பிறகு நான் வண்டி ஓட்டிய கோலத்தைப் பார்த்தால் யாரும் ராசாத்தி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இவை சின்ன வேலைகள். பெரிய வேலைகள் பிறகுதான் வந்தன. சில்லுகளில் உள்ள பெயரிங்குகள் இரைந்தன. கழற்றினால் உள்ளே துரு. ஓல்டனேற்றர் போனது, ஒரு கறவை எருமை. கியர் மாறும்போது யாரோ பின்னால் வந்து இடித்த மாதிரி அடித்தது, கியர் பெட்டிக்குள் எண்ணெய் பால் நிறமாகி இருந்தது. அதைத் திருத்த, கன்றோடு சேர்த்து இரண்டு எருமைகள். சொகுசு வாகனத்துக்குச் சாமானும் சொகுசு விலைதான். லொறிக்கு இங்கே கிடைக்கிற சாமான், இதற்குக் கொழும்பில் இருந்து வரவேண்டும். கொழும்பிலும் இல்லையென்றால் கப்பலில் வரவேண்டும். வந்துசேரும்வரை நான் பழையபடி ஓட்டோ பிடித்துத் தயிர் அனுப்பினேன். வாகனம் வாங்கவென்று பாதிப் பட்டியை விற்றேன். வாகனத்தைத் திருத்தவென்று மிச்சப் பாதியிலும் ஒவ்வொன்றாகப் படலையால் இறங்கிப் போனது.

ஒவ்வொரு தடவையும் தம்பிக்கு அழைப்பேன். ஒவ்வொரு தடவையும் அவன் ஆறுதலாகத்தான் பேசினான். அதில் ஒருநாள்தான் அந்தக் கதையைச் சொன்னான்.

"அக்கா, குறை நினைக்காத. தயிர் ஏத்தினா அப்பிடித்தான் வரும். புளிச்ச தண்ணி வயரில பட்டா தின்னுப்போடும்."

டவுன் கராஜிலும் அதையே சொன்னார்கள். வாகனத்துக்குள் ஒரு வாடை இருந்தது உண்மைதான். ஈரமான, புளித்த வாடை. ஏறுகிறவர்கள் எல்லாம் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "தயிர் ஊத்துண்டு போச்சு போல" என்பார்கள். நானும் நம்பினேன். என் தயிர்தான் தம்பியின் நல்ல வாகனத்தைக் கெடுத்துவிட்டது என்று நினைத்துக் கூசிப்போனேன். பின்பெட்டிக்குப் பொலித்தீன் விரித்தேன். உள்ளே ஒரு சட்டி கூட வைக்கவில்லை. தேசிக்காயும் சவர்க்காரமும் போட்டுக் கார்ப்பெட்டைத் தேய்த்தேன். அந்த அன்பளிப்பைப் பழுதாக்கிவிடக்கூடாது என்று மெல்ல மெல்லத்தான் தேய்த்தேன்.

ஒருநாள் கணவர் பட்டியில் நின்று மிஞ்சியிருந்த எருமைகளைப் பார்த்துக்கொண்டு, "உன்ட தம்பிக்கு இது தெரிஞ்சிரிக்குமோ?" என்று கேட்டார்.

அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டை அயலுக்குக் கேட்டது. நான் வைததைத் திரும்ப எழுத வெட்கமாக இருக்கிறது. தெரிந்தே தருவானா? என் கூடப் பிறந்தவன், நான் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவன். வாகனம் கெட்டால் கெடட்டும், எருமை போனால் போகட்டும், அவனுக்கு மட்டும் தெரிந்திருக்கக்கூடாது. கணவரோடு சண்டை பிடித்ததும் அதற்காகத்தான். அன்றிலிருந்து எனக்கு வாகனத்தைப் பற்றிய கவலை குறைந்து, அந்த ஒரு கேள்விதான் தலைக்குள் நின்றது.

அதன் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கத் தொடங்கியது. ஒருநாள் எடுக்கும், ஒருநாள் எடுக்காது. டவுன் கராஜை விட்டுவிட்டு, காத்தான்குடியில், நாங்கள் நானா என்று அழைக்கிற ஒரு முஸ்லிம் அண்ணனின் கராஜுக்கு இழுத்துக்கொண்டு போனேன். நானாவும் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. முதலில் பற்றரி என்றார், புதிது போட்டோம். பிறகு ஸ்டார்ட்டர் என்றார், அதையும் கழற்றிப் பூட்டினார். இரண்டுக்கும் காசு வாங்கினார். கடைசியில் ஒரு பகல் முழுக்க வயரைப் பிடித்துக்கொண்டே போய், முன்பக்கம், இடப்பக்க விளக்குக்குப் பின்னால், கை போக முடியாத இடுக்கில் ஒரு சொக்கெட்டைக் கண்டுபிடித்தார். அதைப் பிடித்து ஆட்டினால் வண்டி எடுக்கும்.

"வயர் தொகுதி முழுக்க மாத்தோணும் தங்கச்சி. அது வரும்வரைக்கும் நிண்டா, இதப் பிடிச்சு ரெண்டு ஆட்டு ஆட்டுங்க" என்றார். "பாருங்க, பச்சை பூத்திரிக்கு. தயிர்த்தண்ணி போல."

தயிர் பின்னால், சொக்கெட் முன்னால் விளக்கடியில். என் தயிர் எப்படி அங்கே போனது? பறந்து போனதா?

அந்தக் கோபத்தோடு உள்ளே ஏறி இருந்தேன். வெயிலில் நின்ற வண்டி, கண்ணாடி மூடிக் கிடந்தது. வாடை குப்பென்று அடித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு மணந்து பார்த்தேன். நாள்தோறும் பால் மணந்து பார்த்து, எது உறையும் எது திரியும் என்று சொல்கிறவள் நான். இவ்வளவு காலமும் ஊர் சொன்னதைக் கேட்டு என் மூக்கை நானே நம்பாமல் விட்டிருக்கிறேன். அது தயிர் வாடை இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த வேறு வாடை.

"நானா, இந்தக் கார்ப்பெட்டக் கிளப்புங்க" என்றேன்.

"நல்ல கார்ப்பெட் தங்கச்சி, ஒட்டினது, கிழிஞ்சிரும்."

"கிழியட்டும்."

பின்சீட்டைக் கழற்றி, ஓரத்தில் கத்தியை விட்டு இழுத்தார். பசை விட்டுக்கொண்டு வந்தது. கீழே பழைய கார்ப்பெட். அது கறுத்து, ஊறி, கையால் பிடித்தால் பிய்ந்து வந்தது. அதற்கும் கீழே தகரத்தில் மெல்லிய சாம்பல் சேறு, காய்ந்து வெடித்திருந்தது. சேற்றுக்குள் காய்ந்த சாதாளை, வாவியில் வலையைச் சுற்றிக்கொண்டு வருகிற அந்தப் பாசிதான். கூடவே ஊரி. கடுகுக்குக் கொஞ்சம் பெரிதான சின்னச் சின்ன ஊரிச் சிப்பிகள், சீட் பூட்டுகிற ஆணிகளைச் சுற்றி ஒதுங்கிக் கிடந்தன.

நானா குந்தியிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இது தயிர் இல்ல தங்கச்சி. ஆறு" என்றார். எங்கள் பேச்சில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம். "வண்டி ஆத்துக்குள்ள நிண்டிரிக்கு. சீட் அளவுக்குத் தண்ணி."

எனக்கு அந்த மாரி ஞாபகம் வந்தது. நான் வாகனம் வாங்கினதற்கு முந்தின மாரி. மழை விடாமல் பெய்து வாவி நிரம்பி, முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்குத் தண்ணீரை விடுவதற்குள் கரையோர வளவுகளுக்குள் எல்லாம் தண்ணீர் ஏறியது. தம்பியின் மனைவி வீடும் கரையோரம்தான். நான் பதறி அழைத்துக் கேட்டேன், பிள்ளைகள் எப்படி, சாமான்கள் எப்படி என்று. எல்லாம் சரி என்றான். கெப் எங்கே என்றும் கேட்டேன். "அது கொழும்பில நிக்குது அக்கா, சேர்விஸுக்கு" என்றான். கெட்டிக்காரத் தம்பி, வெள்ளத்துக்கு முன்னாலேயே வாகனத்தைக் காப்பாற்றிவிட்டான் என்று அன்றைக்குப் பெருமைப்பட்டேன்.

ஊரிகளைப் பொறுக்கிக் கைலேஞ்சியில் முடிந்தேன். வழி முழுக்க அவனுக்காக நானே வாதாடினேன். கார்ப்பெட் போட்டவன் கடைக்காரன், அவன் சொல்லாமல் ஒட்டியிருப்பான். வாகனத்தை வேறு யாரோ ஓடி வெள்ளத்துக்குள் விட்டிருப்பார்கள், தம்பிக்கு மறைத்திருப்பார்கள். அதுவும் பொருந்தாமல் போனபோது வேறு விதமாக யோசித்தேன். வீடு எனக்கு வந்தது, வயலும் எனக்கு வந்தது, அவனுக்கு ஒன்றுமில்லை. அந்த மனத்தாங்கலில் செய்திருந்தால்? "எல்லாம் உனக்குத்தானே தந்தாங்க" என்று அவன் என் முகத்தைப் பார்த்துக் கத்தினால், நானும் கத்திவிட்டு, அழுதுவிட்டு, மன்னித்துவிடலாம். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன். மன்னிக்காமல் எடுக்கிற முடிவையும் தயார் செய்து வைத்திருந்தேன். சாவியை அவன் கையில் கொடுத்து, வாகனத்தை அவன் வாசலில் விட்டுவிட்டு, பஸ் ஏறி வருவது.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். வாவியைக் கடந்து போகிற வழியில் வண்டி ஒரு குறையும் சொல்லவில்லை. அங்கே மச்சாளின், அதாவது தம்பி மனைவியின், அம்மாவான மாமி, சித்திமார் என்று ஆட்கள் கூடியிருந்தார்கள். சாப்பாடு நடந்தது. மாமி எனக்கு இறால் கறியை அள்ளி அள்ளி வைத்தார்.

"சாப்பிடுங்க மகள். எங்கட மருமகனப் போல ஒரு தம்பி ஆருக்குக் கிடைக்கும்? பாதி விலைக்கு அக்காவுக்குக் கெப்பத் தூக்கிக் குடுத்திட்டு, தான் மோட்டார் சைக்கிளில திரியிறார். நாங்க ஒண்டும் சொல்லல்ல. கூடப் பிறந்தவவுக்குச் செய்றது நல்லதுதானே."

பாதி விலை. நான் கொடுத்தது முழு விலை. தம்பி சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். என் மடியில் கைலேஞ்சி முடிச்சு இருந்தது. அங்கேயே அவிழ்த்து, மாமியின் இறால் கறிக்குப் பக்கத்தில் கொட்டியிருக்கலாம். அந்த வீட்டில் அவனுக்கு என்று சொல்ல ஒரு பலகை கூடக் கிடையாது. அக்காவைத் தாங்குகிற நல்ல மனிதன் என்ற பெயர்தான் அங்கே அவனுடைய சொத்து. அதை அந்த ஆட்களுக்கு முன்னால் உடைக்க என் கை வரவில்லை. சாப்பிட்டு முடித்து, வாகனத்தைப் பார்க்கவேண்டும் என்று அவனை வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

வாகனத்துக்கு அந்தப் பக்கம் நின்று முடிச்சை அவிழ்த்துக் காட்டினேன்.

"கார்ப்பெட்டுக்குக் கீழ கிடந்தது. உனக்குத் தெரியுமாடா?"

ஊரியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகம் சின்ன வயதில் மாங்காய் திருடிப் பிடிபட்ட முகமாக இருக்கவில்லை. நேராகத்தான் பார்த்தான்.

"தெரியா அக்கா. சத்தியமாத் தெரியா. வெள்ளத்தில என்ட சுப்பவைசர்தான் வச்சிருந்தவன். அவன் ஒண்டும் சொல்லல்ல. கார்ப்பெட்டும் அவன்தான் போடுவிச்சவன்."

எனக்கு என்ன நடந்தது என்று சொல்லட்டுமா? சந்தோஷம் வந்தது. கண்ணீரோடு சிரிப்பும் வந்தது. எருமைகள் எல்லாம் திரும்பப் பட்டிக்குள் வந்த மாதிரி ஒரு நிம்மதி. கொழும்பு என்று சொன்னானே என்ற எண்ணம் ஒரு மூலையில் எழும்பியது, அதை நானே அமத்தி உட்காரவைத்தேன். என் தம்பிக்குத் தெரியாது. எனக்கு அது போதும். அவன் தலையைத் தடவினேன். "போகட்டும் விடு. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். மாமியிடமும் மச்சாளிடமும் சொல்லிக்கொண்டு ஏறினேன். எல்லோரும் படலைவரை வந்து நின்றார்கள்.

சாவியைத் திருப்பினேன். வண்டி எடுக்கவில்லை. இன்னொரு முறை திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை.

இறங்கி அந்தச் சொக்கெட்டை ஆட்டவேண்டும். ஆனால் மாமியும் சித்திமாரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் என்னவென்று சொல்லி இறங்குவது என்று நான் யோசிக்கிறதற்குள், தம்பி முன்பக்கம் போய்விட்டான். பொனெட்டைத் திறந்தான். நான் நடப்பதைப் பார்க்க ஜன்னலால் தலையை நீட்டினேன். அவன் எங்கும் தேடவில்லை. பற்றரியைப் பார்க்கவில்லை. வயர் ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. சட்டைக் கையைக்கூட மடிக்காமல், இடப்பக்க விளக்குக்குப் பின்னால், கை போக முடியாத அந்த இடுக்குக்குள் கையை நேராக விட்டான். இரண்டு ஆட்டு ஆட்டினான்.

"இப்ப அடி அக்கா" என்றான்.

வண்டி எடுத்தது.

பொனெட்டை மூடியபோதுதான் நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவன் கண்டான். பிறகு துணியில் கையைத் துடைத்துக்கொண்டு என் ஜன்னலுக்குக் கிட்ட வந்தான். படலையில் நிற்கிறவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

"வெளி ஆளுக்குக் குடுத்திருந்தா அடுத்த கிழமையே கொண்டுவந்து வாசலில போட்டிருப்பான் அக்கா. நீ கொண்டு வரமாட்டாய் எண்டு தெரியும். அதான் உனக்குக் குடுத்தன்."

வீட்டைச் சொல்லவில்லை. வயலைச் சொல்லவில்லை. கஷ்டம் என்றுகூடச் சொல்லவில்லை. நான் அவனுக்காகச் சுமந்துகொண்டு போன காரணங்களில் ஒன்றைக்கூட அவன் எடுத்துக்கொள்ளவில்லை. நான் அவன் மேல் வைத்திருந்த பாசத்தை, வாகனத்தில் மூலை அளந்து கார்ப்பெட் வெட்டின மாதிரி, சரியாக அளந்து வைத்திருந்தான்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாவியைப் பிடுங்கி அவன் முகத்தில் எறிந்துவிட்டு இறங்கி நடக்கவேண்டும், வாசலில் நின்று ஊர் கூட்டிச் சொல்லவேண்டும் என்று இருந்தது. அந்த நேரம் படலையில் இருந்து மாமி சிரித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன மகள், தம்பிட வாகனம் நல்லா ஓடுதா?"

தம்பி தலையைத் தூக்கவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"நல்லா ஓடுது மாமி" என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன்.